டிக்கெட்டில் 6 மணி 45 நிமிடம்தான் வருது, சரியா?

வாவிமீன்: அவசரம். அம்மாவை அக்காவிடம் அனுப்புகிறோம். டிக்கெட்டில் புறப்படுவது 13:10, இறங்குவது 19:55. ஏழு மணித்தியாலம்கூட இல்லை. அக்கா பதினொன்றுக்கு மேல் என்கிறா. டிக்கெட் போட்ட இடத்தில் போன் எடுக்கிறார்கள் இல்லை. பிழையான டிக்கெட்டா?

கல்லாற்றான்: அக்கா எந்த நாட்டில், தம்பி?

காத்தான்குடி வாசி: நேரே போவதா, தோஹாவில் மாறுவதா?

வாவிமீன்: லண்டன்தான். நேரே.

மூத்தவர்: இதை எத்தனை தரம் எழுதுவது? டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். 13:10 கட்டுநாயக்க விமான நிலைய மணிக்கூடு, 19:55 லண்டன் மணிக்கூடு. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் 12 மணி 15 நிமிடம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

ஈஸ்ட்ஹாம் மச்சான்: மாதத்தைக் கேட்காமலே ஐந்தரையைக் கூட்டிவிட்டீங்களே, ஐயா. இங்கே மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறுதான் பழையபடி. இடையில் வித்தியாசம் நாலரைதான். அம்மா எப்ப வாறா?

வாவிமீன்: மாமாங்கத் தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை.

ஈஸ்ட்ஹாம் மச்சான்: தீர்த்தம் ஆடி அமாவாசையில்தானே, அதற்குப் பிறகு என்றால் இங்கே கோடை நேரம். அவ இறங்கும்போது மட்டக்களப்பில் நள்ளிரவு 12.25. ஆக 11 மணி 15 நிமிடம். தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், கணக்கு ஒத்துப்போகுது. டிக்கெட் சரி.

கல்முனைக்காரன்: பூமி கிழக்குப் பக்கமாகச் சுத்துது. அப்ப மேற்கே பறந்தால் லண்டன் எதிரே வரவேணும், சுருக்காகப் போய்ச் சேரவேணும். எங்கேயோ இடிக்குது.

காத்தான்குடி வாசி: காற்றும் பூமியோடு சேர்ந்துதானே சுத்துது. ஓடுகிற பஸ்ஸுக்குள் ஈ பறப்பது போலத்தான். வடக்கே துருக்கி, ஐரோப்பாப் பக்கம் போனால், 10 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். அதனால் வரும் பயணம் கொஞ்சம் குறைவு.

மூத்தவர்: இதையும் முன்பே விளக்கியிருக்கிறேன். தேடிப் படிக்கவும்.

கல்லாற்றான்: ஊரிலிருந்து கட்டுநாயக்க போகவே ஆறேழு மணித்தியாலம், அதை ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று மணித்தியாலம் முந்தி அங்கே நிற்கவேணும். இரவு ரயில் வேண்டாம், கல் ஓயாப் பக்கம் யானை மறித்தால் போச்சு. வான் வண்டிதான்.

காத்தான்குடி வாசி: வயது போனவர்களை ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வானில் குந்த வைத்தே கொண்டுபோனால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? முதல் நாளே ரயிலில் போய் நீர்கொழும்பில் தங்கலாம்.

கல்லாற்றான்: லொட்ஜ் காசை நீங்க தாறீங்களா?

வாவிமீன்: வான் சண்டையை விடுங்க. நேரம் கேட்டதே ஊசிக்காகத்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம், இரவு 9 மணிக்கு இன்சுலின். எந்த ஊர் 9 மணிக்குப் போடுவது?

ஈஸ்ட்ஹாம் மச்சான்: இதையல்லவா முதலில் சொல்லியிருக்கவேணும்! நம் ஊர் 9 மணிக்கு அவ ஆகாயத்தில், லண்டனில் அப்போது பின்னேரம் நாலரை. அன்றைக்கு அவவுக்கு ஒரு நாள் என்பது இருபத்தெட்டரை மணித்தியாலம். அளவை நாங்கள் சொல்லக்கூடாது. டிக்கெட்டைக் கொண்டுபோய் கிளினிக் டொக்டரிடம் காட்டுங்க, கடிதமும் வாங்குங்க. மருந்து கைப்பையில்தான் இருக்கவேணும். பெட்டியில் போட்டுக் கீழே குளிரில் உறைந்தால் பாவிக்கேலாது.

வாவிமீன்: டொக்டர் நேரம் எழுதித் தந்துவிட்டார். வானும் பிடித்தாச்சு. நன்றி.

கல்முனைக்காரன்: பஸ் ஜன்னல் திறந்திருந்தால் அந்த ஈ என்ன செய்யும்?