தெருவில் ஒருத்தருக்கொருத்தர் சும்மா செய்கிற வேலைக்குக் கணக்கு எழுதலாமா?

தையல்காரி, மதுரை:
மதுரைக்கு வெளியே வயலை பிளாட் போட்டு முளைத்த பகுதி எங்களுடையது. கொரோனா ஊரடங்கில் பழக்கமான பத்துப் பன்னிரண்டு வீடுகள் இன்னமும் காசு வாங்காமல் ஒருத்தருக்கொருத்தர் வேலை செய்துகொள்கிறோம். நான் பிளவுஸ் தைக்கிறவள். தெருவுக்கெல்லாம் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பிள்ளைகள் பைக்கு ஜிப் மாற்றுவது என் பொறுப்பு. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன அண்ணன் ஃபேன், சுவிட்ச் பார்ப்பார். காலேஜ் படிக்கிற பிள்ளை ஒன்று சின்னதுகளுக்குக் கணக்கு சொல்லித்தரும். கடைசி வீட்டு அக்காவிடம் பெரிய கிரைண்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக்கும் இட்லி மாவு அங்கேதான்.

பிரச்சினையும் அங்கேதான். அண்ணன் என்றைக்காவது ஒரு கெப்பாசிட்டர் மாற்றினால் வாட்ஸ்ஆப் குழுவில் கும்பிடு கும்பிடாக வந்து விழுகிறது. அக்கா ஊறவைத்து, ஆட்டி, வழித்து, கல்லைக் கழுவி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவருக்கு ஒரு கும்பிடு கிடையாது. தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, குரல்கூடக் கொடுக்காமல் போகிறவர்களும் உண்டு.

என் தங்கச்சி மகன் எக்செல் ஷீட் போடலாம் என்கிறான், யார் யாருக்கு எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று. இதைக் குழுவில் சொன்னதும் நாலு பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு குடம் தண்ணி கொடுத்தாலும் எழுதி வைப்பியா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதலாமா, கூடாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை:
மொய் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஜனம் நாம். ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் போய்ப் பாருங்கள், எழுதுவதற்கென்றே மேசை போட்டு ஆள் உட்கார்ந்திருக்கும். பணத்தை எழுதினால் முறை, மாவாட்டினதை எழுதினால் கௌரவக் குறைச்சலா?

நான் சிவகங்கைக்காரன். குடிமராமத்து என்றால் இப்போது எல்லாரும் நெகிழ்ந்து போகிறார்கள். ஊரே கூடி, காசு வாங்காமல், கரையையும் மடையையும் பார்த்துக்கொண்டது என்று. பொய்யில்லை. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் தானாக நிற்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்தை 1858-லேயே சென்னை மாகாணத்துக் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான் வெள்ளைக்காரன். அதற்கு முன்னாலும் ஊரில் எல்லாரும் சமமாக நின்று மண் வெட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தாத்தா சொன்ன கதை இது. நிலம் வைத்திருக்கிற வீடு ஒவ்வொன்றும் ஆள் அனுப்ப வேண்டும். வந்தது நிலத்துக்காரர் இல்லை, அவருடைய பண்ணையாள். மண் சுமந்தவனுக்கு ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற பரப்பில், ஒரு குழி நிலம் கிடையாது. கண்மாய் மீன் ஏலத்துக்கு நோட்டு இருந்தது, அவன் சுமந்த கூடைக்கு எந்த நோட்டும் இல்லை.

கணக்கு வேண்டாம் என்று சத்தம் போடுகிறவர் யார் என்று கவனியுங்கள். வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவராகத்தான் இருக்கும்.

மணிக்கூண்டு:
தையல் என்றதும் மிசுஷிமா தெருகோ ஞாபகம் வந்தது. ஒசாகாக்கார அம்மா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணி தைத்துக் கொடுத்துப் பதிலுக்குக் காய்கறி வாங்கிச் சமாளித்தவர். பிறகு 1973-இல் பெண்களை வைத்தே ஓர் உழைப்பு வங்கி தொடங்கினார். இன்றைக்கு உன் பிள்ளையை நான் பார்த்துக்கொண்டால் அந்த நேரம் என் பேரில் நிற்கும், எனக்கு முடியாதபோது எடுத்துக்கொள்வேன். அமெரிக்காவில் எட்கர் கான் என்ற வக்கீல் 1980-இல் மாரடைப்பு வந்து படுத்திருந்தபோது இப்படி ஒன்றை யோசித்தார். அவர் வழியில் வந்த நேர வங்கிகளில் வக்கீலுக்கும் பாத்திரம் தேய்க்கிறவருக்கும் ஒரு மணி நேரம் என்றால் ஒரே மதிப்பு. கெப்பாசிட்டர் அண்ணன் இதற்கு ஒத்துக்கொள்வாரா, கேட்டுப் பாருங்கள்!

நான் இருந்த குழுவிலும் ஷீட் போட்டோம். சண்டையெல்லாம் வரவில்லை. எல்லாரும் மணியைச் சேர்த்துக்கொண்டே போனார்கள், செலவழிக்க ஆளில்லை. உதவி செய்வது பெருமை, கேட்பது கூச்சம். கடைசியில் ஷீட் நிறைய வரவு, குழு காலி. அதனால் கொடுத்ததை எழுதுவதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். அந்த அக்காவுக்கு என்ன வேண்டும்? யாராவது கேட்டீர்களா?

சும்மா_ஒருவன்:
எக்செல் எதற்கு? மத்திய அரசே 2024-இல் நேரக் கணக்கு எடுத்துவிட்டது. வீட்டு வேலையில் இறங்குகிற பெண்கள் நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ஐயும் குழுவில் படம் எடுத்துப் போடுவோம்.

வடமராட்சிப் பெடியன்:
அக்கா, எங்கட பக்கம், ஊர் கூடிக் காசு வாங்காமச் செய்யிற சிரமதானம் எண்டா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1958இல கொழும்பு நாலந்தாக் கல்லூரி வாத்தியார் அரியரத்ன தன்ர மாணவரைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ எண்ட கிராமத்துக்குப் போனதிலதான் சர்வோதய இயக்கம் துளிர்த்தது. அங்க இருந்தது ரொடியா எண்டு ஒதுக்கி வைச்ச சனம். படிச்ச வீட்டுப் பெடியள் அவையோட நிண்டு வேலை செய்ததுதான் அந்தக் காலத்தில பெரிய விசயம். கண்மாய்க்கரை ஐயா சொன்ன பண்ணையாள் கதைக்கு நேரெதிர்.

ஆனா எங்கட சனசமூக நிலையத்துச் சிரமதானத்தில ஆம்பிளையள் மண்வெட்டியோட நிண்டு படம் எடுப்பினம். அம்மாக்கள் விடியக்காலமை எழும்பிப் புட்டவிச்சு, சம்பல் இடிச்சு, தேத்தண்ணி ஊத்துறது ஒரு படத்திலயும் வராது. போன முறை பெட்டையள் சண்டை பிடிச்சு மாத்திச்சினம்: நாங்கள் வாய்க்கால் வெட்டுறம், நீங்கள் சமையுங்கோ. புட்டு கட்டிபட்டுப் போச்சு, தேத்தண்ணிக்குச் சீனி தீர்ந்து போச்சு, எண்டாலும் ஒருத்தரும் மிச்சம் விடேல்ல. கணக்குக் கொப்பி ஒண்டும் வேண்டாம் அக்கா, முறையை மாத்தினாக் காணும்.

தையல்காரி, மதுரை:
எல்லாருக்கும் நன்றி. மணிக்கூண்டு சொன்னபடி அக்காவிடமே போய்க் கேட்டேன். "மணிக்கணக்கை எழுதி நான் என்னத்தப் பண்ண? ஞாயித்துக்கிழம மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு ஒரு தூக்கம் போடணும், எந்திரிச்சு டிவியில படம் பாக்கணும். கல்யாணம் ஆனதுலருந்து நெனைக்கேன்" என்றார். ஷீட்டில் இதற்கு எந்தக் கட்டம்?

கிரைண்டரை நாலு பேர் தூக்கி அண்ணன் வீட்டு வராண்டாவில் வைத்தாயிற்று, அங்கே பிளக் இருக்கிறது. வாரம் ஒரு வீடு, அந்த வீட்டு ஆம்பளை ஆட்ட வேண்டும். மணிக்கணக்கு இல்லை, வீட்டுப் பேர் மட்டும் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறோம். முதல் பேர் எக்செல்காரன்தான். உளுந்துக்குத் தண்ணியைத் தெளிக்கணுமா ஊத்தணுமா என்று இப்போதே போன் போட்டு உயிரை எடுக்கிறான்.

இன்னொன்று. முறை வந்தும் டிமிக்கி கொடுக்கிற வீட்டை என்ன செய்வது? 1858 சட்டமெல்லாம் எங்களிடம் இல்லை.

கண்மாய்க்கரை:
அந்த வாரம் அந்த வீட்டுக்கு மாவு கிடையாது.

தையல்காரி, மதுரை:
படுக்கையாகக் கிடக்கிற மாமியாரை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு ஒன்று இருக்கிறது. அதற்குமா?

கண்மாய்க்கரை:
அந்த வீட்டை அட்டையில் எழுதாதீர்கள். மாவு மட்டும் போகட்டும். கொண்டுபோய்க் கொடுக்கிறவர் பத்து நிமிடம் அந்தப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் மருமகள் குளித்துவிட்டு வருவாள்.