என்செபலோபதிக்குத் தமிழில் 'மூளைத்திணறல்' என்ற சொல் சரி வருமா?

> என்செபலைட்டிஸ், என்செபலோபதி இரண்டுக்குமே 'மூளைக் காய்ச்சல்' போதாதா?

போதாது ஐயா. எங்கள் தர்மபுரிப் பக்கம் மூளையுறை அழற்சியையும் மூளைக் காய்ச்சல் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு ஆள் சுமையைச் சுமக்கிறது.

என்செபலைட்டிஸில் மூளைத் திசுவே அழல்கிறது. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் கூடியிருக்கும். கன மில்லிமீட்டருக்கு 5 வரை இயல்பு. ஜப்பானிய என்செபலைட்டிஸா என்று அறிய அதே நீரில் ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். (இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், நம் பக்கத்து வேலூரில்!) ஹெர்ப்பிஸ் வைரஸ் சந்தேகம் என்றால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். என்செபலோபதியில் இந்த அழற்சி இல்லை. டெங்குவில் ரத்த அழுத்தம் விழுந்தோ, சோடியம் இறங்கியோ, கல்லீரல் கெட்டோ மூளை தடுமாறும். காரணத்தைச் சரிசெய்தால் பலர் தெளிந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் என்செபலோபதிக்கு 'மூளைச்சிதைவு' என்பது எனக்குப் பிடிக்கவில்லை. தெளியக்கூடியதைச் சிதைவு என்பது பொய். 'மூளைச் செயலிழப்பு' இன்னும் மோசம், வீட்டார் மூளைச்சாவு என்று எண்ணி அழத் தொடங்கிவிடுவார்கள். 'மூளைத்தளர்ச்சி' என்றாலோ பேருந்து நிலையச் சுவரில் ஒட்டும் நரம்புத்தளர்ச்சி விளம்பரம்தான் நினைவுக்கு வரும்.

மூச்சுத்திணறல் எல்லோருக்கும் தெரியும்: உயிருக்கு ஆபத்து, ஆனால் மீளலாம். அதே அச்சில் மூளைத்திணறல். 'டெங்கு மூளைத்திணறல்', 'கல்லீரல்வழி மூளைத்திணறல்' என்று ஒட்டியும் பார்த்தேன், நிற்கிறது.

அப்புறம், ஓசூர் அக்கா 'ஜன்னி' என்ற பழைய சொல்லைக் கேலி செய்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய்ச்சலோடு பிதற்றல், நினைவு தப்புதல், வலிப்பு: சோதனைக்கு முன் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். டெங்குவில் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) மிகவும் இறங்கியிருந்தால் முதுகு ஊசியையே தள்ளிப்போடுவார்கள்; அதுவரை அழற்சியா திணறலா என்று மருத்துவருக்கே உறுதியாகாது. அந்த இடைவேளைக்கு ஒரு பெயர் வேண்டாமா? என் பாட்டி "புள்ளைக்கு ஜன்னி கண்டுருச்சு" என்று சொன்னது அதைத்தான். வேப்பிலை அடிக்கப் போனது வேறு கதை.

ஆக, சோதனைக்கு முன் ஜன்னி, பின் மூளையழற்சி அல்லது மூளைத்திணறல். ஒரே ஒரு நெருடல்: காய்ச்சல் போய் மாதக்கணக்கில் மறதி நீடித்தால் அதையும் 'திணறல்' என்பதா? அக்கா, உங்களுக்கு ஏதாவது சொல் தோன்றுகிறதா?