புதுப்பிப்பு: கோத்தகிரி ஓடை மின்சாரம், குழாய்க் கணக்கில் திருத்தம்

ஊர்ப் பொதுவில் 500 வாட் சிறு டர்பைன் (ஓடை நீரில் சுழன்று மின்சாரம் தரும் எந்திரம்) வைப்பது பற்றிய முந்தைய பதிவில் 63 மி.மீ குழாய் போதும் என்று எழுதியது தவறு. ஓடை நீரில் 20 லிட்டர் வாளி 4 விநாடியில் நிறைந்தால் நொடிக்கு 5 லிட்டர். அந்த ஓட்டத்தில் 63 மி.மீ குழாய் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 6 மீட்டர் இறக்கத்தின் வலுவை உராய்விலேயே தின்றுவிடும், 90 மி.மீ என்றால் 1 மீட்டர்தான். மொத்த இறக்கமே 20 மீட்டர் என்னும்போது இது சின்ன விஷயமல்ல. (100 மீட்டர் 90 மி.மீ குழாயில் உராய்வு போக மிஞ்சுவது 19 மீட்டர். புவியீர்ப்பு 9.81 × ஓட்டம் 5 × இறக்கம் 19, அதில் பாதிதான் மின்சாரமாகக் கிடைக்கும்: சுமார் 465 வாட்.) வாளி அளவை மார்ச், ஏப்ரலில் எடுங்கள், ஐப்பசி மழையில் எடுத்தால் கணக்கு ஏமாற்றும்.

பலர் கேட்ட இன்னொன்று: பல்புகள் ஏன் கருகுகின்றன? வீடுகளில் விளக்கணைத்ததும் சுமை குறையும், டர்பைன் வேகமெடுக்கும், வோல்டேஜ் ஏறும், பல்பு கருகும். இதைத் தடுக்க, சுமைக் கட்டுப்படுத்தி என்னும் கருவி மிச்ச மின்சாரத்தை ஒரு ஹீட்டருக்குத் திருப்பும். ஹீட்டர் 600 வாட்டுக்குக் குறையக் கூடாது, எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீரின்றிக் காய்ந்தால் ஹீட்டரின் கம்பிச்சுருள் எரிந்துபோகும், அடுத்து பல்புகள்.

கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை, ஓடையில் குழாய் வாயில் உள்ள சல்லடையை அடைப்பது தனித் தொல்லை. சல்லடையைச் சாய்த்து வையுங்கள். பாதி இலை தானே வழிந்துவிடும்.