'கேரியர்' தமிழில் என்ன? திங்கள் காலைக்குள் வேண்டும்

சென்னை, வெள்ளி இரவு

நம் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

'28 வீக்ஸ் லேட்டர்' படத்தின் வீட்டுப் பதிப்புக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். 2002-இல் வந்த முதல் படத்தின் தொடர்ச்சி இது, 2007-இல் வந்தது. ரத்தமும் கடியும் படம் முழுக்க உண்டு. அதெல்லாம் என் வேலையைத் தொடவில்லை. தொடுவது ஒரு தாய்.

கொள்ளை நோய் ஓய்ந்துவிட்டது என்று லண்டனில் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் மக்களை மறுபடி குடியேற்றுகிறார்கள். ஆலிஸ் உயிரோடு கிடைக்கிறாள். அவள் உடம்பில் வைரஸ் இருக்கிறது, ஆனால் வெறி பிடிக்கவில்லை. கணவன் முத்தமிடுகிறான், எச்சில் வழியே அவனுக்குத் தொற்றிவிடுகிறது, அப்புறம் ஊரே போகிறது. அவள்தான் 'கேரியர்'. பின்னால் அவள் மகனும் அப்படியே ஆகிறான். அதனால் ஆண், பெண், சிறுவன் எல்லோருக்கும் பொருந்தும் சொல்லாக வேண்டும்.

எனக்கு ஒரு வரிக்கு 42 குறிதான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'அறிகுறியற்ற நோய்ச்சுமப்பாளர்' என்றால் 28 அதிலேயே போய்விடுகிறது. 'கேரியர்' என்றே விட்டால் டிபன் கேரியர், சைக்கிள் கேரியர். 'நோய்க்கடத்தி' எழுதிப் பார்த்தேன், தங்கம் கடத்துகிறவள் மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

*

டொரண்டோ, சனி அதிகாலை

தங்கச்சி, இதற்கு ஏன் புதுச்சொல்? இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே 'நோய்க்காவி' என்று படித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் தண்ணீர்க் குடத்தைக் காவிக்கொண்டு வருவோம், பிள்ளையைக் காவுவோம், காயப்பட்டவரையும் காவுவோம். இன்றும் வீட்டில் புழங்கும் வினை. பழமையும் உண்டு. அதியமான் வாயிலில் நின்று ஔவையார் "காவினெம் கலனே" என்கிறாரே, புறநானூறு 206. யாழைத் தோளில் தூக்கியாயிற்று, இனி எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்கிற பாட்டு. காவடிகூடக் காவுதடிதான். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்க வேறு எதற்கு?

*

திருநெல்வேலி, சனி காலை

டொரண்டோ ஐயா புறநானூற்றை எடுத்ததில் மகிழ்ச்சி. ஆனால் காவடியைக் காவுதடியின் மரூஉ என்பதை நான் ஏற்கவில்லை. தோளில் வைத்து இருபுறமும் சுமை தொங்கவிடும் தண்டுக்கே 'கா' என்று பெயர். காவு என்ற வினை அதிலிருந்து பிறந்தது. தண்டு முந்தியதா தூக்குதல் முந்தியதா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சிக்கல் வேறு. தமிழ்நாட்டில் காவி என்றால் நிறம். திரையில் இரண்டு நொடி நிற்கும் வரியில் 'நோய்க்காவி' என்று கண்டால் துணியின் நிறம்தான் மனதில் வரும். காவு என்றால் கோயிலில் கொடுப்பது.

என் பரிந்துரை 'கரவுநோயர்'. கரவு என்றால் மறைவு, நோய் கரந்து உறைபவர். அத்துடன் 'வைரஸ்' என்று எழுதாமல் 'தீநுண்மி' என்று எழுத வேண்டுகிறேன். ரத்தக் காட்சி என்று தமிழ் கூசவும் வேண்டாம். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியைப் படித்தவருக்கு இந்தப் படம் பெரிதில்லை.

*

மதுரை, சனி மதியம்

நான் மருத்துவர், இலக்கணம் அதிகம் தெரியாது. பொருளைச் சொல்கிறேன்.

டொரண்டோ அண்ணன் சொல்லும் நோய்க்காவி கொசு போன்றவற்றுக்கான சொல். ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு நோயை எடுத்துப்போகும் உயிரி. ஆலிஸ் அப்படியல்ல. கிருமி அவளுக்குள்ளேயே குடியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் நாளை நர்சிங் மாணவிகள்தான் குழம்புவார்கள்.

'கரவு' வேண்டவே வேண்டாம் ஐயா. கரவு என்றால் வஞ்சமும்தான். தெரிந்தே மறைத்தாள் என்று ஆகிவிடும். நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையல்காரப் பெண் இருந்தார். டைபாய்டு கிருமி அவர் உடம்பில் இருந்தது, அவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கிருமி பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்கும். 1907-இல் பிடித்து ஆற்றுத்தீவு ஒன்றில் தனியாக வைத்தார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்ற உறுதியின் பேரில் 1910-இல் விட்டார்கள். பிழைப்புக்குத் திரும்பவும் சமைக்கப் போனார். 1915-இல் மறுபடி பிடித்தார்கள், 1938-இல் சாகும்வரை அங்கேதான். இன்றைக்கும் அவர் பெயர் 'டைபாய்டு மேரி'. தனக்கு நோய் இருப்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. உடம்பில் ஒன்றும் தெரியாதபோது எப்படி நம்புவார்?

2020-இல் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியபோது அந்த வீட்டுக் குழந்தைகள் பட்ட கூச்சத்தை நான் நேரில் பார்த்தேன். கடத்தி, பரப்பி, கரவர் எல்லாமே குற்றம் சாட்டும் சொற்கள். 'நோய்தாங்கி' என்று வையுங்கள். சுமைதாங்கி, இடிதாங்கி எல்லோருக்கும் தெரியும்.

*

டொரண்டோ, சனி இரவு

டொக்டர் சொன்ன வேறுபாடு சரி, கொசுவை நான் மறந்துபோனேன். ஆனால் 'தாங்கி'யில் ஒரு இடர் இருக்கிறது. வறட்சி தாங்கும் நெல் என்றால் வறட்சி அதை ஒன்றும் செய்யாது என்று பொருள். நோய்தாங்கி என்றால் அவளுக்கு நோயே வராது, பக்கத்தில் போகலாம் என்றுதானே எடுப்பார்கள்? கணவனும் அப்படி நினைத்துத்தானே செத்தான்?

*

சென்னை, ஞாயிறு இரவு

அண்ணா, நீங்கள் இடர் என்று சொன்ன இடத்தில்தான் எனக்குச் சொல் கிடைத்தது. அவளுக்கு இரண்டும் பொருந்துகிறது. சுமக்கிறாள், சாயாமலும் நிற்கிறாள். எங்கள் ஊர்ப் பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது என்று பாட்டி சொல்வார். நேற்று இந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கையில் கட்டிலில் கட்டுண்டு கிடந்த அவளும் அந்தக் கல்லும் சேர்ந்தே கண்ணில் நின்றன.

பக்கத்தில் போகலாம் என்ற மயக்கம் வராமலிருக்க, முதல் முறை வரும் இடத்தில் இப்படி வைத்திருக்கிறேன்:

இவள் நோய்தாங்கி. உள்ளே வைரஸ், நோய் இல்லை.

41 குறி. அடுத்தடுத்த இடங்களில் வெறும் 'நோய்தாங்கி'. வைரஸ் வைரஸாகவே இருக்கட்டும், ஐயா மன்னிக்க வேண்டும். படத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டே பேசுகிறார்கள், தீநுண்மியை நின்று வாசிக்க நேரம் கிடையாது. ஒரே ஒரு ஐயம்: 'நோய்த்தாங்கி' என்று ஒற்று மிகுமா?

*

திருநெல்வேலி, திங்கள் காலை

மிகாது அம்மா. நோயைத் தாங்குவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. இடிதாங்கி, சுமைதாங்கி போல இயல்பாகவே நிற்கும். அப்படிப் பார்த்தால் 'நோய்க்காவி'யும் 'நோய்காவி' என்றே இருந்திருக்க வேண்டும். டொரண்டோ ஐயா இதற்கு விடை சொல்ல வேண்டும்.

உங்கள் வேலை முடியட்டும், அனுப்பிவிடுங்கள். ஆனால் நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் 'நோய்தாங்கி' ஏறுவதற்கு நான் இசையவில்லை. 'கரவு' வஞ்சம் என்றால் அதை விடுகிறேன். 'உறைநோயர்' என்று ஒன்று தோன்றுகிறது. நோய் உள்ளே உறைபவர். இதில் யார் மீதும் பழி இல்லை, நெல்லும் இல்லை. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

*

டொரண்டோ, திங்கள்

உறைநோயர் என்றால் குளிரில் உறைந்த நோயாளி என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நினைப்பார்கள், இங்கே பனிக்காலம். நோய்க்காவியின் ஒற்றுக்கு விடை தேடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒற்றோடுதான் எழுதினோம், அது மட்டும் நிச்சயம்.