‘வல்லவன்’ ராப் ஆல்பம் 2006. இதைக்கூடவா நம்ம ஊரிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது?

பால்மரத்தான்:
நேற்று ராத்திரி நம்ம மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்து. மைக் பிடித்தவர் ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னால், “தமிழில் முதல் ராப் ஆல்பம் 2012இல் வந்த ‘ஹிப்ஹாப் தமிழன்’, ஹிப்ஹாப் தமிழா ஆதி போட்டது” என்று சொல்கிறார். மண்டபமே கை தட்டுகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. யோகி பி அண்ட் நட்சத்திராவின் ‘வல்லவன்’ வந்தது 2006. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ், மூன்று பேரும் நம்ம மலேசியப் பிள்ளைகள். 2006 முந்தியா, 2012 முந்தியா? யாராவது பதில் சொல்லுங்கள்.

ஆதிபடை:
அண்ணே, அதை ‘இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம்’ என்றுதான் சொல்வார்கள். ‘இந்தியாவின்’ என்ற ஒரு வார்த்தையை அவர் விட்டிருப்பார். அதற்காக ஒரு கல்யாண வீட்டைக் குறை சொல்வதா?

பால்மரத்தான்:
மேடை இருந்தது சுங்கை சிப்புட்டில், ஆதியின் கோயம்புத்தூரில் இல்லை தம்பி. 2006.

லயத்துவீட்டு அக்கா:
முதலில் ஆல்பம் என்று எதைச் சொல்கிறோம்? தமிழ் ராப் என்றால் முழுக்கத் தமிழா, பாதி தமிழ் போதுமா? அதைப் பேசிவிட்டு வருஷத்துக்கு வாங்களேன்.

பால்மரத்தான்:
அது இருக்கட்டும் அக்கா. 2006இல் வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பழைய கேசட்:
இரண்டு பேருமே தப்பு. போயட்டிக் அம்மோ என்ற மலேசிய ராப் குழுவின் முதல் ஆல்பம் 1998. யோகி பி அந்தக் குழுவிலிருந்துதான் வந்தார். அந்த ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கண்டோனீஸ் எல்லாம் உண்டு, தமிழ் ராப்பும் உண்டு. அப்போது ‘வல்லவன்’ எங்கே இருந்தது?

பால்மரத்தான்:
நாலு மொழிக் கதம்பத்தைத் தமிழ் ஆல்பம் என்று எப்படி எழுதுவது? ‘வல்லவன்’தான் தமிழ் ஆல்பம்.

ஆதிபடை:
‘வல்லவன்’ஐக் கேட்டிருக்கிறீர்களா அண்ணே? அதிலும்தான் ஆங்கிலம் வருகிறது. அப்புறம் அதில் வரும் ‘மடை திறந்து’ பாட்டு. 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு, பாடியவர் எஸ்பிபி. எல்லார் வாயிலும் நின்றது அந்தப் பல்லவிதான். ஆதி சொந்த மெட்டில் பாடினார்.

பால்மரத்தான்:
கேட்டிருக்கிறேனாவா? அப்போது நான் தொழிற்சாலை வேனில் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலை ஐந்தரை மணி, இருட்டு. ஓட்டுநர் அண்ணன் சிடியைச் செருகுவார். முன்சீட்டில் முக்காடு போட்டுத் தூங்கும் அம்மாமார்கள் அந்தப் பல்லவியைக் கேட்டதும் கண்ணைத் திறப்பார்கள். அதற்குப் பின்னால் ராப் வரும். “என்னடா இது, திட்டுற மாதிரியே இருக்கு” என்றார் ஒரு அம்மா. இரண்டு வாரத்தில் அதே அம்மா தொடையில் தாளம் போட்டார். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், பழைய பாட்டைத் தவிர எதையும் கேட்காதவர். அவரே “தமிழ் சுத்தமா இருக்குதே” என்றார். தோட்டத்துப் பையன் என்றாலே சண்டைக்காரன் என்று பேசிய காலம் அது. அந்தக் குரல் நம்ம தமிழில் தலை நிமிர்ந்து பேசியது. ராஜா மெட்டை எடுத்ததால் அது குறைந்துபோகுமா? 2007இல் ‘பொல்லாதவன்’ படத்துக்கு யோகி பியைக் கூப்பிட்டது யார்? சென்னைக்காரர்கள். 2017இல் ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’? அதுவும் யோகி பிதான். முதலில் வந்தவரைத் தேடித்தான் கூப்பிடுவார்கள். 2006.

ஆதிபடை:
படக்கணக்கு வேண்டுமா? ஆதி 2015இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைப்பாளர். 2017இல் ‘மீசைய முறுக்கு’ படத்தில் கதாநாயகன், இயக்குநர், இசையும் அவரே. யூடியூபில் ஆரம்பித்த கோயம்புத்தூர்ப் பையன். நாங்கள் பள்ளிக்கூட பஸ்ஸில் கேட்டு வளர்ந்தது அவரைத்தான். உங்கள் வேனுக்கு மரியாதை உண்டென்றால் எங்கள் பஸ்ஸுக்கும் உண்டு.

பால்மரத்தான்:
நான் கேட்டது வருஷம். படம் எத்தனை என்று நான் கேட்கவே இல்லை.

ஆதிபடை:
சரி, ஒன்று கேட்கிறேன். ‘பால்மரத்தான்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீடு தாமானில், அதாவது டவுன் குடியிருப்பில் இருக்கிறது, இரண்டு மாடி. என் தாத்தா வீடு இன்னமும் தோட்டத்து லயம், வரிசை வீடு. தோட்டத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்காதீர்கள்.

பால்மரத்தான்:
ரப்பர்த் தோட்டத்தைச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு மாற்றி, லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது வெளியே வந்தவர்கள் நாங்கள். ஆசைப்பட்டா தாமானுக்குப் போனோம்? வீடு வாங்கியது அப்பாவின் சேமநிதிப் பணத்தில். இதை இங்கே இழுத்தது தப்பு தம்பி. மனசில் வைத்துக்கொள்வேன்.

லயத்துவீட்டு அக்கா:
வீட்டு விஷயம் எதற்கு? மறுபடியும் கேட்கிறேன், ஆல்பம் என்றால்...

பழைய கேசட்:
1998. நான் சொன்னதற்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

ரம்புத்தான்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பால்மரத்தான், நீ பெருமை பேசுகிற அந்த ‘வல்லவன்’ சிடி யாருடையது? என்னுடையது. பாசார் மாலாம் இரவுச் சந்தைக் காப்பி இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல். ஒரு வாரம் என்று வாங்கிக்கொண்டு போனாய்.

பால்மரத்தான்:
நான் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரம்புத்தான்:
கொடுத்தது வெறும் பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே வேறு ஏதோ பக்திப் பாட்டு. என் அம்மாவிடம் கேட்டுப் பார். பாட்டு அச்சடித்த அட்டையும் உன்னிடம்தான் இருக்கிறது, பின்பக்கம் நீல மையில் என் பெயர் இருக்கும்.

ஆதிபடை:
முதல் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் வேறு ஆளா அண்ணே? ஆதியின் பாட்டை நான் ஒருநாளும் இரவல் வாங்கியதில்லை.

பால்மரத்தான்:
யூடியூபில் இலவசமாகக் கேட்டவன் காசைப் பற்றிப் பேசாதே. ரம்புத்தான், இப்போதுதான் அலமாரியைத் திறந்தேன். சிடி இருக்கிறது, அட்டை மஞ்சளாகிவிட்டது. உன் பெயரும் இருக்கிறது. பெயருக்குக் கீழே வாங்கிய தேதியும் போட்டிருக்கிறாய். நீயே எழுதியது. 2006.

ரம்புத்தான்:
ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பால்மரத்தான்:
தர மாட்டேன். இது சாட்சி.

ஆதிபடை:
இந்தியாவின் முதல். அதில் மாற்றமே இல்லை.

பால்மரத்தான்:
2006.