நம்ம குடும்பம் குழு: மீனா வீட்டுக் குளியலறை நாற்றம்

சனிக்கிழமை காலை

மீனா: எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குளியலறையில் கெட்ட நாற்றம் அடிக்கிறது. ஷவர் இருக்கிற மூலையில்தான் அதிகம். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் மதியம் வரை தாங்குகிறது, சாயங்காலம் மறுபடி வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

சித்தி: சமையல் சோடாவைப் போட்டு வினிகர் ஊற்று மீனா. நன்றாகப் பொங்கும். அரை மணி நேரம் கழித்து வெந்நீர் விடு.

பெரியப்பா: அதெல்லாம் போதாது. பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன்மேல் டாய்லெட் ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும்.

கதிர்: பெரியப்பா, அதை மட்டும் யாரும் செய்யவே கூடாது! பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு. சின்னக் குளியலறையில் கொஞ்சம் கிளம்பினாலே கண்ணும் தொண்டையும் எரியும், நுரையீரலையும் தாக்கும். வினிகரும் ஆசிட்தான் அக்கா. பிளீச் போட்ட இடத்தில் அதையும் ஊற்றாதே. அம்மோனியா உள்ள கிளீனரும் வேண்டாம்.

பெரியப்பா: சரி கதிர். மீனா, ஆசிட் பக்கமே போகாதே.

மாமா: எதையும் ஊற்றுவதற்கு முன்னால் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மீனா, அது எப்படிப்பட்ட வாடை? ஈரத்துணி வாடையா, அழுகிய முட்டையா, சாக்கடையா? எந்த நேரத்தில் அதிகம்? கீசர் தண்ணீரைத் திறந்தால் மட்டும் வருகிறதா?

மீனா: சாக்கடை வாடைதான் மாமா. காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிறது. கீசர் தண்ணீரைத் தனியாக முகர்ந்து பார்க்கவில்லை. ஆனால் இவர் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்.

மாமா: மாப்பிள்ளை சொல்வதும் உண்மைதான். ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். வெளியே போய்விட்டு வந்து முதல் மூச்சில் என்ன தெரிகிறதோ அதைத்தான் நம்ப வேண்டும்.

மாமா: இப்போது இரண்டு சோதனை செய். ஒரு டம்ளரில் பச்சைத்தண்ணீர், இன்னொன்றில் கீசர் தண்ணீர் பிடித்து, குளியலறைக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பார். தண்ணீரில் வாடை இல்லையென்றால் ராத்திரி எல்லாரும் குளித்து முடித்தபின் தரையில் தண்ணீர் போகிற குழியை மூடியிருக்கிற ஜாலியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டு. கதவைச் சாத்திவிடு. காலையில் நாற்றம் இல்லையென்றால் அது அந்தக் குழியிலிருந்துதான் வந்திருக்கிறது. அப்படியும் அடித்தால் சுவர், திரை, டாய்லெட் அடிப்பாகம் என்று வேறு இடம் தேடலாம்.

சித்தி: அண்ணா, எங்கள் வீட்டில் வெந்நீரில் மட்டும் முட்டை வாடை வருகிறது. ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

மாமா: அது கீசர்தான். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஆனோடு ராடு என்று ஒரு கம்பி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மெக்னீசியம். தண்ணீர் அசையாமல் கிடந்தால் ஒரு வகை பாக்டீரியா பெருகி, தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். மெக்னீசியக் கம்பி அதற்கு இன்னும் தோது. முதலில் டேங்க் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டு, புதுத் தண்ணீரை 60 டிகிரிக்குமேல் சில மணி நேரம் சூடாக்கிப் பார். அன்றைக்குக் குழாயைத் திறக்கும்போது கவனம், கை வெந்துவிடும். மறுபடி வந்தால் அலுமினியம்-துத்தநாகக் கம்பி மாற்றச் சொல். மின்சாரத்தை அணைக்காமல் கீசரை யாரும் திறக்க வேண்டாம்.

கதிர்: மாமா, எங்கள் வீட்டில் விருந்தாளிக் குளியலறையைத் திறந்தாலே சாக்கடை வாடை. யாரும் உபயோகிப்பதே இல்லை.

மாமா: தரைக்குழிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற பகுதி, அதாவது ட்ராப், காய்ந்திருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வளைந்த குழாய் என்றால் சுமார் 50 மி.மீ. நிற்கும். யாரும் குளிக்கவில்லை என்றால் ஆவியாகிப் போய்விடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்று. ரொம்ப நாள் பூட்டி வைப்பதாக இருந்தால் மேலே இரண்டு ஸ்பூன் பேபி ஆயில் விடு, சீக்கிரம் ஆவியாகாது. சமையல் எண்ணெய் வேண்டாம், அது சிக்குவாடை அடிக்கும்.

கதிர்: ஊற்றிவிட்டேன். குடுகுடு என்று சத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

மாமா: அது பரவாயில்லை. ஆனால் டாய்லெட் ஃப்ளஷ் பண்ணும்போதெல்லாம் ஷவர் குழியில் சத்தம் வந்தால் மொட்டை மாடிக்குப் போகிற காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம். குருவிக்கூடு, காய்ந்த இலை ஏதாவது இருக்கும். அப்படி அடைத்தால் ஒவ்வொரு ஃப்ளஷும் ட்ராப்பில் உள்ள தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

மீனா: மாமா, கண்டுபிடித்தாயிற்று! இரண்டு டம்ளரிலும் வாடை இல்லை. ராத்திரி கவர் ஒட்டினேன், காலையில் குளியலறை சுத்தமாக இருந்தது. டேப்பைப் பிரித்ததும் குப்பென்று அடித்தது. இவருக்கே தெரிந்துவிட்டது.

மாமா: நல்லது. கையுறை போட்டுக்கொண்டு ஜாலியைத் தூக்கு. டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பு.

மீனா: [படம்]

மீனா: முடியும் சோப்பும் சேர்ந்து கறுப்பாக, வழவழவென்று கயிறு மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு குழாய் மேலே பார்த்து நிற்கிறது. அதன் வாய் திறந்தபடி இருக்கிறது.

மாமா: அந்த வாய்மேல் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்க வேண்டுமே. அது எங்கே?

மீனா: கிண்ணமா? இருங்கள்.

மீனா: [படம்] இதுவா மாமா? ஜன்னல் திட்டில் ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று போன மாதம் ஒரு பிளம்பர் வந்தார். அவர்தான் எடுத்து வைத்திருப்பார்.

மாமா: இதுவேதான். முடி இதன் விளிம்பில்தான் சிக்கும். எடுத்துவிட்டால் தண்ணீர் சர்ரென்று போகும், ஆனால் சாக்கடைக் காற்று நேராக வீட்டுக்குள் வரும். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் அந்தக் காற்று மேலே வராது. நீ எவ்வளவு ஃபினாயில் ஊற்றினாலும் திறந்த குழாய் திறந்தேதான் இருக்கும்.

சித்தி: அப்போது சோடா வினிகரும் வேண்டாமா?

கதிர்: இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும் சித்தி. நுரை பொங்குவதால் மேலே இருக்கிற அழுக்கு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அந்த வழவழப்பு பாக்டீரியா கட்டிய படலம், பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் வரும்.

மாமா: ஆமாம். மீனா, முடியையெல்லாம் கையால் எடுத்துக் குப்பையில் போடு, உள்ளே தள்ளாதே. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கிண்ணத்தின் உட்பக்கம், ஜாலியின் அடிப்பக்கம் இரண்டையும் மறக்காமல் தேய். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகிவிடும். கடைசியில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்று. அப்புறம் வாரம் ஒருமுறை தூக்கி முடியை எடுத்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

திங்கட்கிழமை காலை

மீனா: மாமா, இன்று காலையில் சாக்கடை வாடை துளியும் இல்லை. ரொம்ப நன்றி. திரைப் பக்கம் மட்டும் லேசாக ஈரவாடை இருக்கிறது.

மாமா: அது பூஞ்சை. திரையைத் துவைத்து வெயிலில் போடு. குளித்தபின் சுருட்டி வைக்காமல் விரித்து விடு. எக்ஸாஸ்ட் ஃபேன் அரை மணி நேரம் ஓடட்டும்.

பெரியப்பா: நானும் எங்கள் மாடிக் குளியலறையில் ஜாலியைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேயும் கிண்ணம் இல்லை. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தனியாக வாங்க முடியுமா?

மாமா: கிடைக்கும் அண்ணா. குழியின் உள் அகலம், நடுவில் நிற்கிற குழாயின் உயரம், அதன் வெளி அகலம் மூன்றையும் அளந்து படத்தோடு போடுங்கள். சரியான அளவு கிடைக்கும் வரை கவரை ஒட்டி வைத்துவிடுங்கள்.

பெரியப்பா: டேப் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன்.