பழைய கட்டடத்துக்கு முதலில் கணக்கு முடிக்க வேண்டும்

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு என்னைத் தலைவியாக உட்கார வைத்தார்கள். தலைவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்குக் கூட்டம் முடிகிறவரை எழுந்து போகாமல் இருந்தேன், என் தகுதி அவ்வளவுதான். ஆறு மாதத்தில் பள்ளிக்கு இரண்டு புது வகுப்பறை வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டே கால் வருஷம் ஆனது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தையும் பூட்டி, கதவில் சிவப்பு பெயிண்டில் ‘உள்ளே செல்லாதே’ என்று எழுதிவிட்டார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் வராண்டாவுக்கு வந்தன. மழை சாய்த்து அடித்தால் இரண்டு வகுப்பும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியர்கள் கல்வித் துறை, கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. இது புரியவே எனக்கு மூன்று கூட்டம் ஆனது. எச்.எம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதினார், அவர் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்கு எழுதினார். கடைசியில் நானே ஒன்றிய அலுவலகம் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “உங்க பள்ளியில ஏழு வகுப்பறை இருக்கேம்மா, அப்புறம் எதுக்குப் புதுசு?”

பூட்டிய இரண்டு அறையும், பள்ளி விவரங்களை அரசு பதிந்து வைக்கிற யூடைஸ் பதிவில் உயிரோடு இருந்தன, அதுவும் ‘சிறு பழுது’ என்று. எச்.எம்.மிடம் கேட்டால், “பெரும் பழுதுன்னு போட்டா, அதுல ஏன் பிள்ளைங்களை உட்கார வச்சீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க” என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது, கோபப்பட முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. ஓவர்சியர் வந்து கூரையைக் கம்பியால் தட்டினார். காரை பெயர்ந்து அவர் தோளிலேயே விழ, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று சான்று, இடிக்க அனுமதி, பழைய பொருளுக்கு ஏலம். அரசு குறித்த விலைக்கு இரண்டு முறை ஆள் வரவில்லை. மூன்றாவது முறை விலையைக் குறைத்த பிறகுதான் எடுத்தார்கள். எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் அப்புறம். வகுப்பறை கட்டித் தருகிற குழந்தை நேயப் பள்ளி உள்கட்டமைப்புத் திட்டத்தில் பணம் இருந்தது. ஆனால் பழைய அறைகள் காகிதத்தில் சாகாததால் எங்கள் பள்ளி பட்டியலுக்குள் போகவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் ‘பள்ளிக்கு அடிப்படை வசதி வேண்டும்’ என்று போட்ட தீர்மானத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நவம்பர் 1 கிராம சபையில் சர்வே எண், எத்தனை அறை, எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதியில் பூட்டினார்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குத்தான் பதில் வந்தது.

*

அக்கா சொல்வது சரி. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து 2025 ஜனவரி வரை ஊராட்சித் தலைவராக இருந்தேன். “பஞ்சாயத்துப் பணத்துல ஒரு ரூம் கட்டக் கூடாதா?” என்று கேட்காத ஆளில்லை. மத்திய அரசு தந்த பதினைந்தாவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முடிச்சுப் போட்டுத்தான் வந்தது. அதில் பள்ளியில் குழாய் போட முடிந்தது, கழிவறை பார்க்க முடிந்தது. ஒழுகுகிற கூரைக்கு அதில் கை வைக்க முடியவில்லை. மிச்சத்தைத் தெருவிளக்கும் மோட்டார் ரிப்பேரும் தின்றுவிட்டன.

பள்ளிச் சுற்றுச்சுவருக்கு, ஊர் மக்களும் பங்கு போடுகிற நமக்கு நாமே திட்டத்தில் போனோம். ஆறு லட்சம் எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டு லட்சம் ஊர்ப் பணம். கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்கிற அதே நோட்டில், அதே வீட்டு வரிசையில் எழுதினோம். திருவிழாவுக்கு ஆயிரம் தருகிறவர் சுவருக்கு இருநூறு தந்தார். அதைப் பற்றி வேறென்ன சொல்ல.

*

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். நீங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் பலர் இடமும் கட்டடமும் கொடுத்தார்கள். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கும் அப்படி இருபது சென்ட் வந்தது, ஆனால் வாய்ச்சொல்லாக. புதுக் கட்டடத்துக்கு அளக்க வந்த அன்றுதான் பட்டா அந்தப் பெரியவர் பெயரிலேயே இருப்பது தெரிந்தது. வாரிசு ஏழு பேர். ஆறு பேர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஏழாமவர் சம்மதிப்பதற்குள் அந்த வருஷத்து நிதி வேறு பள்ளிக்குப் போய்விட்டது.

*

ஐயா, முதலில் பேசிய குழுத் தலைவிதான் மறுபடியும். எங்கள் பள்ளிப் பட்டாவை நான் இதுவரை பார்த்ததே இல்லை. கட்டடம் கட்டியாகிவிட்டது, ஆனால் சமையல் கூடத்துக்கு அடுத்து எழுதப்போகிறோம். திங்கட்கிழமை முதல் வேலையாக வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறேன்.